தாளிக்காத பதின்மூன்று நாள்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. சின்ன வயதிலிருந்தே உண்டு. போர்டிங் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பாயில் படுக்கிறவளுக்கு என்னைவிடக் கூந்தல் நீளம் என்பதற்காக ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தவள் நான். அதெல்லாம் பிள்ளைத்தனம், விடுங்கள். ஊரில் மற்ற பெண்களுக்கு நகைமேல் வரும், புடவைமேல் வரும், பிள்ளைகுட்டிமேல் வரும். எனக்கு ஒருத்தி வேதம் கேட்டு அழுகிற அழுகைமேல் பொறாமை வந்தது. சொன்னால் வெட்கக்கேடு. சொல்லாமல் வைத்திருப்பது அதைவிட வெட்கக்கேடு என்று இப்போது தோன்றுகிறது.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததற்கு மறு வருஷம் அது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. ராஜபாளையத்தில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்வது என் வேலை. 'வேதக்காரம்மா' என்றுதான் தெருவில் என்னைக் கூப்பிடுவார்கள். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் எங்களுடையது. அப்பா உபதேசியார். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்தேன், அங்கேயே படித்தேன், அங்கேயே கல்யாணம் ஆயிற்று, அங்கேயே விதவையும் ஆனேன். நாலு சுவிசேஷமும் எனக்கு மனப்பாடம். எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வேன். அதில் எனக்கு அசாத்தியக் கர்வம்.

நான் சொல்ல வந்தவள் நிலபுலம் உள்ள ஒரு சம்சாரி வீட்டு மருமகள். இருபத்திரண்டு வயது இருக்கும். தளவாய்புரத்துப் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் பட்டாளத்தில் இருந்தான். எந்தத் தேசத்தில் இருக்கிறான் என்று அவன் எழுதக் கூடாது. எழுதினாலும் சர்க்காரில் மையைப் பூசி அழித்துவிடுவார்கள். மாமியாருக்கும் எழுத்து தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. அவனுடைய கடிதத்தை வாசிக்கவும் பதில் எழுதவும்தான் என்னை வீட்டுக்குள் விட்டார்கள். மாமியார் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கடுதாசிய வாசிங்க. பொறவு உங்க சாமி கதையையும் வாசிச்சுக்கிடுங்க, நான் வேண்டாங்கல. எங்களை உங்க பக்கம் இழுத்துரலாம்னு மட்டும் நெனைக்காதீக."

செவ்வாய்க்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போவேன். மருமகள் பருத்திக் காயைக் குவித்துப் போட்டுச் சுளை எடுத்துக்கொண்டிருப்பாள். எதிரே உட்கார்ந்து நான் வாசிப்பேன். வேதக்காரம்மாக்களுக்கு ஒரு முறை உண்டு. சுவிசேஷத்தை முதலிலிருந்து வாரம் ஒரு பகுதியாகச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் போனதும், கேட்டவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளில், "நல்ல கதைம்மா, நல்லாருங்க" என்பார்கள். அல்லது கொட்டாவி விடுவார்கள். ஊருக்குள் வளர்ந்தவர்களுக்குச் சந்தைப் பிரசங்கம் கேட்டாவது கதையின் முடிவு தெரிந்திருக்கும். இவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆண்டவர் தூங்குகிற படகுக்குள் அலை அடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன் என்றால், "ஐயையோ, கவுந்துருமா அக்கா? அவியளை எழுப்பச் சொல்லுங்களேன்!" என்று பதறுவாள். யாரிடம் போய் எழுப்பச் சொல்வேன் நான்?

முதலில் எனக்கு இது பெருமையாகத்தான் இருந்தது. என் வாசிப்பின் திறமை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கெல்லாம் மேலாக ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். மிஸியம்மா என்போம். நன்றாகத் தமிழ் பேசுவார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் என்னோடு அந்த வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் கஷ்டப்பட்ட பெண்ணின் கதையை முந்தின வாரம் சொல்லியிருந்தேன். "சொல்லு தாயி" என்றேன். மருமகள் குனிந்த தலை நிமிராமல் ஆரம்பித்தாள்.

"பன்னெண்டு வருஷமாத் தீட்டு நிக்கல. அடுப்படிக்குள்ள போக முடியுமா, ஒரு பிள்ளையத் தொட்டுத் தூக்க முடியுமா? கூட்டத்துக்குள்ள தெரியாமப் பூந்து அவிய துணி ஓரத்தைத் தொட்டுட்டா. சொகமாயிருச்சு. அப்படியே நழுவிரலாம்னு பாக்கா. அவிய என்னடான்னா, தொட்டது யாருன்னு கேக்காக. எனக்குக் கோவமா வந்துச்சு. இம்புட்டு ஆம்பளைக முன்னால பொம்பளை சங்கதியக் கேக்கலாமா? ரெண்டு நாளா அதே நெனப்பு. பொறவுதான் வெளங்குச்சு. அப்படியே விட்டிருந்தா அவ களவாண்டுட்டுப் போனவளாட்டம் இருந்திருப்பா. எல்லார் முன்னாலயும் 'மகளே'ன்னு கூப்பிடத்தான் நிப்பாட்டியிருக்காக."

சொல்லிவிட்டு அழுதாள். மிஸியம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். நான் மட்டும் கல்லுப்பிள்ளையார் கணக்காக உட்கார்ந்திருந்தேன். என் வயிறு எரிந்தது, அவ்வளவுதான். அந்தக் கதையை எத்தனை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஏன் நிறுத்தினார் என்று ஒரு தடவையாவது எனக்குத் தோன்றியதா? நேற்று வந்தவளுக்கு, இன்னும் ஞானஸ்நானம்கூட வாங்காதவளுக்கு, பருத்தி எடுத்துக்கொண்டே தோன்றியிருக்கிறது.

திரும்பி வரும் வழியெல்லாம் மிஸியம்மா அவளைப் பற்றியே பேசினார். அந்த மாதக் கூட்டத்தில் மற்ற வேதக்காரம்மாக்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார். அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். ஈஸ்டர் அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் கோவிலில் பெண்கள் கூட்டம் நடக்கும். சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்கள் வருவார்கள். உயிர்த்தெழுதலின் கதையை அவர்களுக்குச் சொல்வது பதினொரு வருஷமாக என் பங்கு. மிஸியம்மா என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஈஸ்டருக்கு நீ கதை சொல்ல வேண்டாம். அந்தப் பெண் உயிர்த்தெழுதலைக் கேட்கும்போது என்ன சொல்கிறாளோ, அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வா. அதை வாசித்தால் போதும்."

"சரிங்கம்மா" என்றேன். பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று புத்தகத்தைப் புரட்டினாள். அவளையும் எனக்குப் பிடிக்கவில்லை அன்றைக்கு. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவச்சி நான், அந்த மருமகளுக்குக் குமாஸ்தாவா? வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. ஆண்டவரே, இத்தனை வருஷமாக வெயிலில் தெருத்தெருவாக அலைகிற எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கொடுத்தீரா, அவளுக்கு மட்டும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறீரே என்று சண்டைதான் போட்டேன். அவர் பதிலைக் கேட்க நிற்கவில்லை, எழுந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முன்னால் இரண்டு செவ்வாய்க்கிழமை இருந்தது. முதல் செவ்வாயன்று போனேன். காட்டிக்கொடுத்தது, பிடித்துக்கொண்டு போனது, விசாரித்தது, அடித்தது, ஆணி அடித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்தேன். அவள் கை நின்றுவிட்டது. காய்ந்த பருத்திக் காயை அப்படியே கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஒருத்தருமா வரல? இம்புட்டுப் பேருக்கு நல்லது செஞ்சாகளே, ஒருத்தருமா வரல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உயிர் போன இடத்தில் அவளுக்கு நிறம் செத்துப் போயிற்று. துணியில் சுற்றியதையும், கல்லறையில் வைத்ததையும், பெரிய கல்லைப் புரட்டி முத்திரை போட்டதையும் வாசித்தேன்.

"அப்புறம் அக்கா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிலுவையைச் சொன்னால் அன்றைக்கே கல்லறை திறந்ததையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நேரமாகிவிட்டாலும் சரி, மழை வந்தாலும் சரி. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. நான் புத்தகத்தை மூடினேன்.

"இன்னைக்கு அம்புட்டுத்தான்" என்றேன்.

வேண்டுமென்றேதான் மூடினேன். நேரம் இருந்தது, வெயில் இருந்தது, தொண்டையும் நன்றாகத்தான் இருந்தது. அவள் கேட்டால்தானே ஏதாவது சொல்வாள். சொன்னால்தானே நான் எழுத வேண்டும்? ஈஸ்டர் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாமியார் கொண்டுவந்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு இறங்கி நடந்தேன். அடுத்த செவ்வாய் போகவே இல்லை. காய்ச்சல் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன்.

ஈஸ்டர் அன்று காலையில் பஸ் ஏறினேன். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது, கரி போட்டு ஓட்டுகிற பஸ். எட்டு மைலுக்கு மூன்று இடத்தில் நின்று, இரண்டு தடவை எங்களை இறக்கித் தள்ளவிட்டது. கோவில் வாசலிலேயே மிஸியம்மா கேட்டார், "அந்தப் பெண் என்ன சொன்னாள்?"

"இன்னும் கல்லறை வரைக்கும்தான் வந்திருக்கோம்மா."

பொய் இல்லை பாருங்கள்! அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை எனக்கு. மிஸியம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "சரி, அப்படியானால் நீயே சொல்" என்றார். சொன்னேன். குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று தெரியாதவளா நான்? முடிந்ததும் பக்கத்தில் வந்த ஒரு அம்மாள், "வழக்கம்போல நல்லா இருந்துச்சு" என்றாள். வழக்கம்போல. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கோவில் நிறைய அவர் எழுந்துவிட்டார் என்று நான் முழக்கிய அதே நேரத்தில், ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் அவர் செத்துக் கிடந்தார். அது எனக்கு உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் வைத்த மீன் குழம்புச் சட்டி. வாசலில் யாரோ மூச்சிரைக்க வந்து நின்றார்கள். பார்த்தால் அந்த மாமியார். தலை அவிழ்ந்து கிடக்கிறது, காலெல்லாம் கரிசல் மண். பருத்திக்காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"வேதக்காரம்மா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். எம் மகன் இருக்கானா, இல்லையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, கடுதாசி ஏதும் வந்துச்சா?"

"எங்கிட்ட மறைக்காதீக! நீங்க அன்னைக்கு என்னத்தையோ வாசிச்சுட்டுப் போனீக. போன ஒடனே அவ கெணத்தடிக்குப் போய்த் தலையோட தண்ணி ஊத்திக்கிட்டா. எழவு கேட்டாத்தான அப்படி ஊத்துவோம்? அன்னையிலருந்து தலைக்கு எண்ணெய் இல்ல, பூ இல்ல, கொழம்பு தாளிக்கல. பதிமூணு நாளா எழவு வீட்டுக் கொழம்பு வைக்கா. ஏட்டி, யாருட்டி செத்தான்னு கேட்டா, 'ஒங்களுக்குத் தெரியாது அத்தை, நல்ல மனுசன், சிப்பாயிக பிடிச்சுட்டுப் போயி ஈட்டியால குத்திக் கொன்னுட்டாக'ங்கா. யாரு சொன்னதுன்னா, வேதக்காரம்மா வாசிச்சாகங்கா. அவ தாலியக் கழட்டல. அதை மட்டும் பாத்துப் பாத்துத்தான் இந்நேரம் வரைக்கும் உசுரோட இருக்கேன். சொல்லிருங்கம்மா, எம் மகனைக் கொன்னுட்டாகளா?"

பாவி, எனக்கு முதலில் சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. பெற்றவளைப் பதின்மூன்று நாளாக இந்தப் பாடு படுத்தியிருக்கிறேன்.

"உங்க மகனுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவன் சமாச்சாரமே வரல. சத்தியமாச் சொல்லுதேன்."

"அப்ப யாரு செத்தது?"

"எங்க சாமி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாமி சாவாராக்கும்? சரி, உங்க சாமி செத்ததுக்கு எம் வீட்டுல ஏன் தாளிக்காம இருக்கணும்? எப்பச் செத்தாரு?"

"ரொம்பக் காலத்துக்கு முந்திம்மா. வாங்க, வீட்டுக்குப் போவோம். நான் வந்து சொல்லுதேன்."

கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். வழி நெடுக அவள் நம்பவில்லை. நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று, "எம் மகன் இல்லையே? நெசமாத்தான?" என்று கேட்டாள். யுத்தம் முடிந்து அவன் முழு ஆளாக வந்து சேர்ந்தான். அது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

மருமகள் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றாள், எழவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர்களைக் கூப்பிடுகிற அந்தக் குரலில். உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். மனப்பாடமாகத் தெரிந்த அதிகாரம்; எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடிந்தது.

விடிகிற நேரத்தில் பெண்கள் வாசனைத் திரவியம் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போன இடம் வந்தது.

"பொம்பளைகளா?" என்றாள் மருமகள். "பொதைச்ச எடத்துக்குப் பொம்பளைக போனாளுகளா?"

எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். சுடுகாடுவரை போவது ஆண்கள்தான். மறுநாள் பால் ஊற்றப் போவதும் ஆண்கள்தான்.

"ஆம்பளைக எங்க போனாக?" என்று கேட்டாள் மாமியார்.

"பயந்துக்கிட்டு வீட்டைப் பூட்டி உள்ள இருந்தாக."

"க்கும்" என்றாள் அவள். இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கல்லை நமக்கு யார் புரட்டித் தருவார் என்று அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே போனதை வாசித்தேன். கல் புரண்டு கிடந்ததை வாசித்தேன். உள்ளே அவர் இல்லை. எழுந்துவிட்டார் என்று வெள்ளை உடுத்தின ஒருவர் சொன்னதை வாசித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

மருமகள் அழவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். மாமியார்தான் என் முழங்காலைப் பிடித்தாள்.

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

"அப்ப அவரு ஆத்தா? அவருக்கு ஆத்தா உண்டுன்னு முன்னால வாசிச்சீகளே, எங் காதுலயும் விழுந்துச்சு. அவளுக்கு யாரு போய்ச் சொன்னா?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன். நாலு சுவிசேஷத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். யார் போய்ச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அதை நான் தேடியதும் இல்லை. ஆனால் யாரோ சொல்லியிருப்பார்கள். யாரோ ஒருத்தி மூச்சிரைக்க ஓடிப்போய், அந்தத் தாயின் வாசலில் நின்று சொல்லியிருப்பாள். அந்த ஓட்டத்தை நான் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன், கரிசல் மண் ஒட்டின காலோடு.

"தெரியலம்மா" என்றேன். "ஆனா கட்டாயம் சொல்லியிருப்பாக."

"சொல்லாம இருப்பாளுகளா?" என்றாள் மாமியார். "இதைத் தெரிஞ்சுக்கிட்டு எவ சும்மா இருப்பா?"

மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"சின்னப் பிள்ளையில இருந்தே தெரியும், தாயி."

"அன்னைக்குப் புத்தகத்தை மூடிட்டு எந்திரிச்சீகளே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விளங்காமல்தான் கேட்டாள். "அவிய உசுரோட இருக்காகன்னு தெரிஞ்சும் பதிமூணு நாளாச் சொல்லலையா? எப்படிக்கா உங்களுக்குச் சோறு எறங்குச்சு?"

காய்ச்சல் என்கிற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"எறங்குச்சு, தாயி. நல்லாவே எறங்குச்சு. உன் மேல எனக்குப் பொறாமை. அதான் சொல்லல."

மாமியார் வாயைப் பிளந்தாள். மருமகள் என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்த புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம் மேலயா? எங்கிட்ட என்னக்கா இருக்கு பொறாமைப்பட? அவிய உங்க வீட்டு ஆளு. நீங்க சொல்லித்தான எனக்கே அவியளைத் தெரியும்" என்றாள்.